இரண்டு சென்டிமீட்டர் துணி: ஜப்பானிய ஐடல் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐடல் குழுக்களை நடத்தும் மேலாண்மை நிறுவனங்களின் தலைவர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

சென்ற மாதம் உங்களில் ஒருவரிடமிருந்து எங்கள் தையல் கூடத்துக்கு ஓர் ஆர்டர் வந்தது. பதினோரு பெண்கள் பாடி ஆடும் குழு, பதினோரு மேடை உடைகள். அளவு கொடுக்க யாரும் வரவில்லை. தாளில் இரண்டே வரிதான் இருந்தது: "எல்லாம் 5 கோ. நூயிஷிரோ விட வேண்டாம்."

இதைத் தமிழில் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐடல் என்பது நிறுவனங்கள் தேர்ந்தெடுத்துப் பழக்கி மேடையேற்றும் இளம் பாடகர். ஜப்பானில் பெண்கள் உடைக்கு 5, 7, 9, 11 என்று எண் உண்டு. எண்ணோடு 'கோ' என்று சேர்த்துச் சொல்வார்கள். 9 நடுத்தர அளவு. 5 என்பது ஒல்லியிலும் ஒல்லி. நூயிஷிரோ என்பது தையலுக்கு உட்புறம் நாங்கள் விட்டுவைக்கும் துணி. நாளைக்கு உடம்பு கொஞ்சம் போட்டால் பிரித்துவிட அதுதான் உதவும். அதை விடாதே, தையலை ஒட்டி வெட்டிவிடு என்பதுதான் அந்த இரண்டாவது வரி.

எழுத்துப்பிழையாக இருக்கும் என்று நினைத்துத் தொலைபேசியில் கேட்டேன். பிழையில்லை என்றார் பொறுப்பாளர். "பிரிக்க வழியிருந்தால் பிள்ளைகள் சாப்பிட்டுவிடுவார்கள்" என்றார். கோபமில்லாத குரல். மழை வரும், குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

பிறகு போட்டுப் பார்க்கும் நாள் வந்தது. பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்திக்கு முதுகு ஜிப் மேலே ஏறவில்லை. 3 சென்டிமீட்டர் இடைவெளி. மூச்சை இழுத்துப் பிடித்தாள், கண்ணில் நீர் முட்டியது, அப்போதும் ஏறவில்லை. பத்து நிமிடம் கொடுங்கள், பிரித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று பொறுப்பாளர் கையைக் காட்டிவிட்டார். மற்ற பத்துப் பேரும் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் குழுவின் அறிவிப்பில் அவள் பெயர் வந்தது. "தாய்ச்சோ ஃபுர்யோ", உடல்நிலை சரியில்லை, ஆகவே சில காலம் மேடை ஏற மாட்டாள். அவளுக்கு உடல்நிலை நன்றாகத்தான் இருந்தது. சரியில்லாமல் இருந்தது நீங்கள் சொல்லித் தைத்த உடை.

அந்த அறிவிப்பைப் படித்த இரவுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஜப்பானிய மொழியில் ஒரு நகலைத் தபாலில் அனுப்புகிறேன். இதை என் மொழியில் எழுதக் காரணம், எனக்குக் கோபம் இந்த மொழியில்தான் முழுதாக வருகிறது.

என் அப்பா மதுரை புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தவர். பத்து வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் கட்டப் பழகினேன். கல்யாணமாகி டோக்கியோ வந்து நிஷி கசாயில் குடியேறி, மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் நிப்போரி துணிக்கடைத் தெருவுக்கு அருகில் ஒரு சிறிய தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அங்கிருந்து ரயிலில் நான்கு நிறுத்தம் போனால் ஐடல் அரங்குகள் இருக்கும் அகிஹபாரா. நீங்கள் மேடையேற்றும் பிள்ளைகளில் எத்தனையோ பேரின் இடுப்பை என் டேப் சுற்றியிருக்கிறது. அந்த உரிமையில் பேசுகிறேன். கூடத்தின் முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதுங்கள் என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் பெண் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை தைத்தால் கீழே இரண்டு மூன்று டக் பிடித்துத் தைப்போம். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் பாவாடையும் பிள்ளையோடு சேர்ந்து வளரும். வளர்வாள் என்று எதிர்பார்த்துத் தைப்பதுதான் தொழில் என்பார் அப்பா. இங்கே வந்து முதன்முதலாக ஒரு குழந்தையின் கிமோனோவைப் பிரித்துப் பார்த்தபோது தோளிலும் இடுப்பிலும் அதே மாதிரி மடித்துத் தைத்திருந்ததைக் கண்டேன். கத்தா அகே, கொஷி அகே என்று பெயர் சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் பாட்டிமார்களும் வளர்வதற்கு இடம் விட்டுத்தான் தைத்திருக்கிறார்கள். வெட்டிவிடு என்று சொல்லும் வழக்கம் உங்கள் நாட்டில் என்றைக்கும் இருந்ததல்ல, நீங்கள் கொண்டுவந்தது.

என்னிடம் ஓர் அளவு நோட்டு இருக்கிறது. பெயர் எழுத மாட்டேன், எண் மட்டும். ஒரு பிள்ளைக்கு முதல் உடை தைத்தபோது இடுப்பு 62. பதினான்கு மாதம் கழித்து 55. அந்தப் பதினான்கு மாதத்தில் அவள் 2 சென்டிமீட்டர் உயரமும் வளர்ந்திருந்தாள். உயரம் கூடி இடுப்பு குறைந்தால் எங்கள் ஊரில் எந்தத் தையற்காரரும் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, "என்னம்மா, ஒழுங்கா சாப்பிடுறியா?" என்றுதான் கேட்பார். நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அது என் குற்றம். இந்த மடலில் அதையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

டேப்பைப் பிடிக்கிறவளுக்கு எண் மட்டும் தெரிவதில்லை. ஆகஸ்ட் மாத வெக்கையில் அந்தப் பிள்ளையின் விரல்கள் சில்லிட்டிருந்தன. காலர் அளவெடுத்த என் கையில் முடி கொத்தாக வந்தது. முதுகில் பச்சைக் குழந்தைக்கு இருப்பதுபோல மெல்லிய பூனைமுடி. உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள அப்படி முளைக்கும் என்று பிறகு ஒரு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மார்க்கச்சையின் கம்பி பட்டு விலா எலும்பின் மேல் நீலமாகக் கன்றியிருந்தது. கம்பியில் குறையில்லை, எலும்புக்கும் கம்பிக்கும் நடுவில் சதை இல்லை. இன்னொருத்தி ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்: "ஒரு சென்டிமீட்டர் பிரித்துவிடுவீர்களா? ஜிமுஷோவில் சொல்லிவிட மாட்டீர்களே?" ஜிமுஷோ என்றால் உங்கள் அலுவலகம். திருடிய பொருளை ஒளித்து வைத்துக்கொள்ளச் சொல்லும் குழந்தையின் முகம் அவளுக்கு. அவள் மறைக்கச் சொன்னது தன் வயிற்றை.

இது என் ஒரு கூடத்துக் கதை, எல்லா நிறுவனங்களும் அப்படியில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். அளவெடுக்கத் தவறாமல் அனுப்புகிறவர்களும், இடைவேளையில் பிள்ளைகள் ஓனிகிரி, அதாவது சோற்றுருண்டை, சாப்பிட்டார்களா என்று பார்த்துக்கொள்கிற பொறுப்பாளர்களும் உங்களில் இருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த சில சங்கதிகளை நினைவுபடுத்துகிறேன்.

2011 ஜூனில் ஏகேபி48 என்ற பெண்கள் ஐடல் குழுவில் எகுச்சி ஐமி என்று ஒரு புதுப் பெண் வந்தாள். பதினாறு வயது என்றார்கள். கிளிகோ நிறுவனத்தின் ஐஸ் விளம்பரத்தில் மற்றவர்களுக்கு நடுவில் நின்று சிரித்தாள். சில நாட்களில் உண்மை வெளிவந்தது. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. குழுவின் ஆறு பேரிடமிருந்து ஒருத்தியின் கண், ஒருத்தியின் மூக்கு, ஒருத்தியின் வாய் என்று எடுத்துக் கணினியில் ஒட்டிச் செய்த முகம். புத்திசாலித்தனமான விளம்பரம் என்று பலரும் பாராட்டினார்கள். அந்த ஆறு பேரும் அன்று ஜப்பானிலேயே அதிகம் கொண்டாடப்பட்ட பெண்கள். அவர்களுடைய முகங்களே போதாமல், ஒவ்வொன்றிலும் நல்ல துண்டை மட்டும் வெட்டியெடுத்து ஒரு முழு முகம் செய்துகாட்டினால், பின்வரிசையில் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளை கண்ணாடியில் எதைப் பார்ப்பாள்? தன் மூக்கைத் தனியாக, கண்ணைத் தனியாக, தாடையைத் தனியாகப் பார்ப்பாள். நான் கேட்டிருக்கிறேன். உடை மாற்றும் அறையில் அவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். என் முகம் பெரிது, அவளுக்குக் கோகாவோ, சிறிய முகம். எனக்கு மடிப்பில்லாத ஒற்றை இமை, அவளுக்கு மடிப்புள்ள இரட்டை இமை. ஒரே படம் எடுக்கும்போது முகம் சிறியதாகத் தெரிய வேண்டுமென்று ஆளுக்கு ஆள் அரை அடி பின்னால் நகர்கிறார்கள்.

'சிண்ட்ரெல்லா எடை' என்று ஒரு கணக்கு இந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் உலவுகிறது. உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 20ஆலும் 0.9ஆலும் பெருக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரப் பெண்ணுக்கு 46 கிலோ வரும். அதாவது உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) 18. மருத்துவர்கள் 18.5க்குக் கீழே போனாலே மெலிவு என்கிறார்கள். 2006இல் மாட்ரிட் நகரத்து ஆடை அணிவகுப்பில், குறியீடு 18க்குக் கீழே இருக்கும் மாடல்களை மேடையேற்றுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அங்கே இதற்குக் கீழே இறங்காதே என்று கோடு போட்ட அதே எண்ணை இங்கே பிள்ளைகள் கனவாக வைத்திருக்கிறார்கள். யாரைப் பார்த்து அந்தக் கனவு வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

2019ஆம் ஆண்டு அரசு எடுத்த தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், இருபதுகளில் இருக்கும் பெண்களில் 20.7 சதவீதம் பேர் மெலிந்தவர்கள். ஐந்தில் ஒருத்தி. அரிசிக்கும் மீனுக்கும் குறைவில்லாத நாட்டில். 2025இல் ஜப்பானின் உடற்பருமன் ஆய்வுச் சங்கமே, ஆம், பருமனைப் பற்றி ஆராயும் சங்கமே, இளம்பெண்களின் மெலிவையும் ஊட்டக்குறைவையும் சிகிச்சை தேவைப்படும் ஒரு நோய்த்தொகுப்பாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. எலும்பு தேய்கிறது, மாதவிடாய் நின்றுபோகிறது. என்னிடம் அளவு கொடுக்க வரும் பிள்ளைகளில் இரண்டு பேர் அதை ஏதோ வசதியைப் போலச் சொன்னார்கள்: வெள்ளை உடை போடப் பயமில்லையாம்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் தோல் ஏழு குறையை மறைக்கும் என்று இங்கே ஒரு பழமொழி. என் ஊருக்கும் இதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை, பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது நிறத்தைத்தான். ஆகவே வெளியிலிருந்து கைநீட்டிக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே காயத்தோடு வளர்ந்தவள் சொல்கிறேன். கோடையில் கழுத்து கறுத்துவிட்டது என்று ஒரு பிள்ளையின் உடைக்கு உயரக் காலர் வைத்துத் தரச் சொன்னார்கள். ஜூலை மாதம், திறந்தவெளி மேடை, காலர் தாடை வரைக்கும். தைத்துக் கொடுத்தேன். இன்று கேட்டால் தைக்க மாட்டேன்.

உடம்பு அவர்களுடையதே அல்ல என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் அடியில் இருக்கிறது. 2013 ஜனவரி கடைசியில், ஏகேபி48இன் தொடக்கக் கால உறுப்பினர்களில் ஒருவரான மினேகிஷி மினாமி, இருபது வயதில், தலையை மழித்துக்கொண்டு கண்ணீரோடு மன்னிப்புக் கேட்ட காணொளி குழுவின் அதிகாரப்பூர்வ சேனலிலேயே வெளியானது. ஓர் இளைஞரின் வீட்டிலிருந்து வெளியே வந்ததை ஒரு வார இதழ் படம் பிடித்ததுதான் அவர் செய்த குற்றம். மழித்தது தானாக எடுத்த முடிவு என்று அவர் சொன்னார். நம்புகிறேன். அப்படி ஒரு முடிவு ஒரு பெண்ணுக்குத் தானாகத் தோன்றும்படி எப்படிப்பட்ட காற்றை அவர் சுவாசித்திருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. 2015 செப்டம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், யாரையும் காதலிக்கக் கூடாது என்ற ஒப்பந்தத் தடையை மீறிய ஒரு பதினேழு வயது முன்னாள் ஐடல் தன் நிறுவனத்துக்கு 6,50,000 யென் கொடுக்க வேண்டும் என்றது. நான்கே மாதத்தில், 2016 ஜனவரியில், அதே நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கில், நேசிப்பது மனிதருக்குரிய மகிழ்ச்சியைத் தேடும் உரிமை என்று சொல்லி நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார்கள். நேசிக்கும் உரிமை இருக்குமானால் வயிறு நிறையச் சாப்பிடும் உரிமையும் இருக்க வேண்டும்.

ஆண் குழுக்களிலும் இது உண்டு. அவர்களுக்கும் இடுப்பைப் பிடிக்கச் சொல்லி வருகிறது. ஆனால் எனக்கு நேரடியாகத் தெரிந்தது குறைவு, அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

ரசிகர்கள் இதைத்தான் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய என்பீர்கள். அடோ என்ற பாடகி முகத்தையே காட்டாமல் பாடுகிறார். மேடையில் நிழலுருவம் மட்டும்தான். 2024 ஏப்ரலில் டோக்கியோவின் தேசிய விளையாட்டரங்கில் தனித்துப் பாடிய முதல் பெண் கலைஞர் அவர்தான். அத்தனை ஆயிரம் பேர் முகம் தெரியாத ஒரு குரலுக்காக வந்தார்கள். என் மகன் அவர் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறான், அவர் எப்படி இருப்பார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பாடகி சான்மினாவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பதின்ம வயதில் பாட வந்தபோது அவர் தோற்றத்தைப் பற்றி வந்த வசைகளும் தெரியும். அதையே பாட்டாக்கினார். பிறகு பிஎம்எஸ்ஜி நிறுவனத்தோடு சேர்ந்து புதுக் குழுவுக்கு ஆள் தேடியபோது, உயரம் வேண்டாம், எடை வேண்டாம், வயது வேண்டாம், உங்கள் குரலையும் வாழ்க்கையையும் காட்டுங்கள் என்று அழைத்தார். அதிலிருந்து வந்ததுதான் ஹானா, ஏழு பேர். 2025 ஏப்ரலில் அறிமுகமானார்கள், இன்று ரயில் நிலையத்து விளம்பரப் பலகையிலெல்லாம் இருக்கிறார்கள். ஏழு பேருக்கும் ஏழு விதமான உடம்பு. தையற்காரிக்கு அதைப் பார்க்கும்போது எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குச் சொல்லித் தெரியாது. ஒவ்வொருத்திக்கும் தனியாக வெட்ட வேண்டும், தனியாகப் பிடிக்க வேண்டும். அதுதானே வேலை!

வசைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றும் சொல்லாதீர்கள். 2021இல் ஒலிம்பிக் விழாவின் படைப்பு இயக்குநர் ஒருவர், நகைச்சுவை நடிகை வத்தானாபே நவோமியைப் பன்றி வேடத்தில் இறக்கலாம் என்று யோசனை சொன்னது வெளியானதும் பதவி விலக நேர்ந்தது. கேலியும் முகமற்றவர்களிடம் தொடங்குவதில்லை, அறைக்குள் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம்தான் தொடங்குகிறது. 2022 ஜூலையிலிருந்து அவமதிப்புக் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. உங்கள் பாடகியை எவனோ 'டெபு', தடிச்சி, என்று எழுதினால் நீங்கள் வழக்கறிஞரை அழைக்க வேண்டும். எடை பார்க்கும் இயந்திரத்தை அல்ல.

நான் கேட்பது இவை.

விண்ணப்பப் படிவத்திலிருந்து எடையையும் உடல் அளவுகளையும் நீக்குங்கள். உயரமும் அளவும் உடை தைக்க வேண்டுமானால் எங்களுக்குத் தெரிந்தால் போதும். தேர்ந்தெடுத்த பிறகு நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், அந்த எண் உங்கள் மேசைக்கு வர வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் எடையைப் பற்றியோ உடம்பின் தோற்றத்தைப் பற்றியோ எந்தப் பிரிவு இருந்தாலும் அடித்துவிடுங்கள். வாயால் சொல்லும் கட்டளைகளுக்கும் இது பொருந்தும். உங்கள் பாடகிகளில் பலரை நீங்கள் ஊழியராக வைத்திருப்பதில்லை, தனித்தொழில் செய்பவராகக் காட்டுகிறீர்கள். சரி, அப்படியானால் 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஃப்ரீலான்ஸ் சட்டம் அவர்களைத் துன்புறுத்தலிலிருந்து காக்கும் ஏற்பாட்டை உங்களிடம் கேட்கிறது. மற்றவர்கள் முன்னால் எடை பார்ப்பதும் ஜிப்பை இழுத்துப் பார்ப்பதும் துன்புறுத்தல் என்று எழுத்தில் அறிவியுங்கள். புகார் சொல்ல நிறுவனத்துக்கு வெளியே ஒருவரை நியமியுங்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எந்தப் பிள்ளைக்கும் மருத்துவர் அல்லாத எவரும் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும், மாதவிடாய் நின்றிருக்கிறதா என்று ஒரு பெண் மருத்துவர் கேட்க வேண்டும். முடிவு அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் போக வேண்டும். பிரான்சில் 2017 முதல் மாடல்கள் மருத்துவச் சான்று கொடுத்த பிறகுதான் வேலைக்குப் போக முடியும். உங்களால் முடியாததல்ல.

ஒத்திகை நாட்களில் உட்கார்ந்து சாப்பிட நேரம் ஒதுக்குங்கள். அதைக் கால அட்டவணையில் எழுதுங்கள்.

உடைகளை ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்கக் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத் தையலிலும் குறைந்தது 2 சென்டிமீட்டர் துணி விடச் சொல்லி ஆர்டர் தாளில் எழுதுங்கள். பிரித்துத் தைக்கும் கூலியை நிறுவனம் கொடுக்கட்டும், பிள்ளையின் கணக்கில் பிடிக்காதீர்கள்.

கடைசியாக, அந்த நிறுவனத்துக்கு மட்டும். பதினோரு உடைகளிலும் நீங்கள் சொன்னதுபோல ஒட்டி வெட்டவில்லை. என் கை வரவில்லை. பதினொன்றிலும் உள்ளே 2 சென்டிமீட்டர் விட்டுத்தான் தைத்திருக்கிறேன், வேண்டுமானால் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒன்று மட்டும் இன்னும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. "உடல்நிலை சரியில்லை" என்ற அறிவிப்பைத் திரும்பப் பெற்று, அந்தப் பிள்ளையை அவள் அம்மாவோடு அனுப்பிவையுங்கள். பத்து நிமிடத்தில் பிரித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
நிப்போரியிலிருந்து ஒரு தையற்காரி